இரவல் வரிகள்

கழுகக்காவுக்கு சி என்கிற கணினி மொழி தெரியும் என்று அந்தத் தொழிற்சாலையே ஒன்பது மாதங்களாக நம்பிக்கொண்டிருந்தது. கழுகக்காவும்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, முன்னோட்டத் தேர்வின் முதல் கேள்வியில், இரண்டாவது வரியிலேயே அந்த நம்பிக்கை புட்டுக்கொண்டது.

அது எடைத் தராசு செய்கிற தொழிற்சாலை. கடை மேசையில் உட்கார்ந்துகொண்டு பச்சை எண்களில் கிராம் காட்டுமே, அந்த மின்னணுத் தராசு. அதன் வயிற்றுக்குள் இருக்கும் போர்டில் கடுகைவிடச் சிறிய உதிரிகளை ஈயம் வைத்து ஒட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக ஒட்டினாள். இரண்டு மேசை தள்ளி இருக்கும் போர்டில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். பெயர் அப்படி வந்ததுதான். நாற்பத்து மூன்றாவது வயதில் அந்தக் கண்ணே அவள் காலை வாரிவிட்டது. அவள் ஒட்டிய பன்னிரண்டு போர்டுகள் தப்பான உதிரியோடு திரும்பி வந்தன. கண்ணாடி மாற்றினாள், பூதக்கண்ணாடி வைத்தாள், சொட்டு மருந்து விட்டாள். கண் மசியவில்லை.

கண் பரிசோதனையில் தேறாதவர்கள் பேக்கிங்குக்குப் போகவேண்டும் என்பது கம்பெனி விதி. பேக்கிங் ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் அங்கே போர்டைக் கண்ணாலும் பார்க்க முடியாது, பார்ப்பதெல்லாம் ஒட்டி மூடிய அட்டைப்பெட்டி. போர்டை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. போர்டுகளைச் சோதிக்கும் பரிசோதனை அறையில் மட்டும் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. தயாரான போர்டுகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதும் வேலை. உள்ளே இருப்பவர்களிலிருந்தே ஆள் எடுப்போம், சி மொழித் தேர்வில் தேறவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மறுநாளே கழுகக்கா மாலை நேரப் பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்தாள். ஒன்பது மாதத்தில் அறுபத்து மூன்று புரோகிராம்கள், அத்தனையும் நோட்டில் கையால் எழுதி, மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கியவை.

முன்னோட்டத் தேர்வில் கேட்டது எளிய கணக்கு. பத்து எடைகளை வாங்கி, அதில் பெரியது எது என்று சொல்ல வேண்டும். அவளுக்குச் சிரிப்பே வந்தது. விரல்கள் தாமாக ஓடின. முதலில் வழக்கமான தலைப்பு வரி. அடுத்து 'கோனியோ' என்ற ஃபைலைத் துணைக்குக் கூப்பிடும் வரி. உள்ளே நுழைந்ததும் திரையைத் துடைக்கும் கட்டளை. நடுவில் கணக்கு. கடைசியில், யாராவது ஒரு விசையைத் தட்டும்வரை காத்திரு என்று சொல்லும் கட்டளை. வகுப்பில் அதற்கு 'கெட்ச்' என்று பெயர். அது இல்லாவிட்டால் விடை கண்ணில் படுவதற்குள் ஓடிவிடும். இவை இல்லாமலும் ஒரு புரோகிராம் உயிரோடு இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது.

ஓட்டினாள். எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், கோனியோ என்று இங்கே எந்த ஃபைலும் இல்லை என்றது.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி அடித்தாள். இல்லை என்றது. பாழும் கண் ஏமாற்றுகிறதோ என்று ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். எழுத்து சரியாகத்தான் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தாள். இப்போது திரை துடைக்கும் கட்டளையைத் தெரியாது, கெட்சைத் தெரியாது என்று இரண்டு புகார்கள். நேரம் முடிந்தபோது நடுவில் இருந்த கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. மேலேயும் கீழேயும் பிழை. மதிப்பெண் பூஜ்யம்.

தேர்வை நடத்திய இன்ஜினியரம்மா பரிசோதனை அறையின் தலைவி. முப்பத்தைந்து வயதிருக்கும், அதட்டிப் பேசத் தெரியாதவள். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இந்த ஃபைல் சி மொழியோடது இல்ல. பழைய கம்பைலர் ஒண்ணோட அந்தக் கம்பெனிக்காரங்க சேர்த்துக் கொடுத்தது. அவங்ககிட்டதான் இருக்கும். இங்க கிடையாது."

"அப்ப நான் படிச்சது?"

"கணக்கெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. நிஜத் தேர்வுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, பாத்துக்கோங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த அனுதாபம் சுருக்கென்று தைத்தது. நேரே பேக்கிங்குக்குப் போய் அட்டைப்பெட்டி தூக்கலாமா, அல்லது பயிற்சி மையத்துக்குப் போய் மாஸ்டரைத் தூக்கிப் போட்டு மிதிக்கலாமா என்று யோசித்தாள். இரண்டாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மையத்தில் மாஸ்டர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கழுகக்கா தன் நோட்டை அவர் முன்னால் பொத்தென்று போட்டாள்.

"இல்லாத ஃபைலைச் சொல்லிக் கொடுத்துத்தான் ஒன்பது மாசம் ஓட்டுனீங்களா?"

"யாரு சொன்னா இல்லைன்னு? இருக்கே!" மாஸ்டர் பதறிப்போய்ப் பக்கத்துக் கணினியில் அவளுடைய பதினோராவது புரோகிராமை ஓட்டிக் காட்டினார். நீலத் திரை வந்தது, துடைத்தது, விடை சொன்னது, சமர்த்தாகக் காத்திருந்தது. "பாத்தீங்களா? எங்கயாவது தப்பு இருக்கா?"

"இங்க தப்பில்ல. அங்க ஓடலையே!"

"அப்ப அவங்களை இதே கம்பைலரைப் போடச் சொல்லுங்கக்கா."

கழுகக்கா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கோபப்படலை மாஸ்டர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த அறுபத்து மூணுல எது சி மொழி, எது இந்த மெஷினோட சொந்தச் சரக்கு?"

மாஸ்டர் நோட்டைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கும் இப்படித்தான்க்கா சொல்லிக் கொடுத்தாங்க," என்றார் கடைசியில். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வடிந்துபோனது. வடிந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. யாருக்கும் தெரியாது என்றால், நானே கண்டுபிடித்துத் தொலைக்கிறேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், உதிரிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்ஸ்காரர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அந்த இடத்துக்கு அவரும் போட்டி. முன்னோட்டத்தில் முதலாவதாக முடித்தவரும் அவர்தான். ஆனாலும் நல்ல மனசு. "அக்கா, யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கோனியோவைப் புது கம்பைலருக்கும் எழுதி வச்சிருக்கான். அந்த ஃபைலை உங்க ஃபோல்டர்ல போட்டுட்டா எல்லாம் பழையபடி ஓடும்," என்று சொல்லி, அந்த ஃபைலையும் அவளுக்கு அனுப்பிவைத்தார்.

வீட்டுக் கணினியில் புது கம்பைலரை ஏற்றி, அந்த ஃபைலையும் போட்டாள். ஓடியது! அறுபத்து மூன்றும் வரிசையாக ஓடின. அன்று பூராவும் அவள் வாயில் பாட்டுத்தான். இரண்டு நாள் அப்படிச் சுகமாகப் போனது. மூன்றாம் நாள் விடியற்காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. தேர்வு அறைக்குள் இந்த ஃபைலை எந்த மடியில் கட்டிக்கொண்டு போவது? அங்கே போய் நின்றால் அதே இரண்டாவது வரி, அதே பூஜ்யம். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து அந்த ஃபைலை அழித்தாள்.

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். முதல் வண்டிக்குக் கிளம்புகிறவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன, காலங்காத்தால மெஷினோட மல்லுக்கு நிக்கிற?"

விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "டிப்போல புது வண்டி கொடுத்தப்ப எனக்கும் இதே கூத்துதான். வைப்பர்னு நெனச்சு கதவைத் திறந்துட்டேன், ஒரு அம்மா என்னைக் கிழி கிழின்னு கிழிச்சிட்டாங்க. ஸ்டீயரிங், பிரேக், கிளட்ச், இதெல்லாம் எந்த வண்டியிலயும் மாறாது. மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் இஷ்டம்."

"எது மாறாது, எது மாறும்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எதையும் நம்பாம ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தேன். அவ்வளவுதான்." தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆயிரம் குறை சொன்னாலும் மனிதர் சில நேரம் உருப்படியாகப் பேசிவிடுவார்.

கழுகக்கா அப்படியே செய்தாள். புரோகிராமின் உச்சியில் துணைக்குக் கூப்பிடும் வரிகள் அத்தனையையும் அழித்துவிட்டு ஓட்டினாள். கம்பைலர் யார் யாரைத் தெரியாது என்கிறதோ, அவர்களெல்லாம் வெளியாட்கள். கெட்ச் வெளியாள். திரை துடைப்பது வெளியாள். எதிர்பார்த்ததுதான். ஆனால் விடையை அச்சிடும் 'பிரிண்ட்எஃப்' இருக்கிறதே, முதல் நாள் முதல் பாடம், எல்லாரும் எழுதும் முதல் வரி, அதையும் தெரியாது என்றது கம்பைலர்!

"அடப்பாவி, நீயுமா இரவல்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அன்று அவள் கண்டுகொண்டது அந்த ஒன்பது மாதப் படிப்பைவிடப் பெரியது. மொழி என்பது ரொம்பச் சின்னது. இருந்தால், இல்லாவிட்டால், திரும்பத் திரும்ப, கூட்டு, கழி, எடுத்து வை. அவ்வளவுதான் அதன் சொந்தச் சொத்து. அச்சிடுவதும் எண்ணை வாங்குவதும் வெளியிலிருந்து வருபவை, ஆனால் ஊர் உலகம் ஒப்புக்கொண்டு எல்லாக் கம்பைலர்காரர்களும் தருவதாக வாக்குக் கொடுத்தவை. கோனியோ வகையறா ஒரே ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுத்தது. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கித்தான் அவளுக்கு ஊற்றியிருந்தார்கள்.

பிறகு பிடித்தாளே ஒரு பிடி! தினமும் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, வேலைக்குக் கிளம்பும்வரை ஒவ்வொன்றாக உரித்தாள். பழக்க தோஷம் லேசில் போகுமா? யோசிக்காமல் விட்டால் விரல் முதல் காரியமாகத் திரையைத் துடைக்கப் போகும். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். இருபதாவது புரோகிராமில் அந்தத் துடைப்பு மட்டும் ஏழு இடத்தில் இருந்தது. ஏழு இடத்திலும் தேடித்தேடி மாற்றியபோது வந்த எரிச்சலில் ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் வெளியாள் எவனாக இருந்தாலும் வாசலோடு சரி. அவனை ஒரே இடத்தில் கூப்பிட்டு, அதற்கு நான் ஒரு பெயர் வைத்து, உள்ளே முழுக்க என் பெயரைத்தான் புழங்குவேன். நாளைக்கு எவனாவது ஃபைலைப் பிடுங்கினாலும் ஒரே இடத்தில்தான் வலிக்கவேண்டும். இதை அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எரிச்சல் சொல்லிக்கொடுத்தது.

தேர்வு நாள் காலையில் நான்கு பேர் எழுதினார்கள். இந்த முறை கேள்வியில் பத்து எடை அல்ல, ஐம்பது. கழுகக்காவின் விரல் ஒரே ஒரு முறை திரையைத் துடைக்கப் போய், பாதி வழியில் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது. முதல் ஓட்டத்திலேயே பிழையில்லாமல் விடை வந்தது. மதியம் இரண்டாம் சுற்றுக்கு அவளும் ஸ்டோர்ஸ்காரரும்தான் மிஞ்சினார்கள்.

இன்ஜினியரம்மா தராசுத் தட்டோடு இணைத்த போர்டு ஒன்றையும் ஓர் எடைக்கல்லையும் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். கழுகக்கா ஆயிரக்கணக்கில் ஈயம் வைத்த அதே போர்டு. ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். "இதுக்குத் திரையும் இல்ல, கீபோர்டும் இல்ல. எடை கம்மியா இருந்தா பச்சை, எல்லையை நெருங்கினா மஞ்சள், தாண்டினா சிவப்பு எரியணும். எடையை எடுத்ததும் பழையபடி மாறணும். இதுல இருக்கிற சிப்பைச் செஞ்ச கம்பெனி கொடுத்த கட்டளைகள் இந்தத் தாள்ல இருக்கு. ஒரு மணி நேரம்."

ஸ்டோர்ஸ்காரர் கடகடவென்று அடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தினார். "மேடம், பிரிண்ட்எஃப் போட்டேன். ஒண்ணுமே வரலையே?"

"எங்க வரும்? திரையே இல்லையே."

பாவம், முகம் சுருங்கிப்போனது. அதுவரை அவர் பிரிண்ட்எஃப்பும் மொழியும் ஒன்றென்றே நினைத்திருந்தார். ஆனால் கெட்டிக்காரர், சட்டென்று சுதாரித்துக்கொண்டு தாளைப் படித்து எழுதிவிட்டார்.

கழுகக்கா கண்ணாடியை ஏற்றி இறக்கி, அந்தப் பொடி எழுத்துத் தாளையே பத்து நிமிடம் படித்தாள். இரண்டே கட்டளைகள். எடையைப் படிக்க ஒன்று, விளக்கை மாற்ற ஒன்று. இரண்டையும் அடியில் ஒரே இடத்தில் கட்டிப்போட்டு 'எடைஎடு', 'விளக்கு' என்று ஆங்கில எழுத்தில் தானே பெயர் வைத்தாள். மேலே எல்லாம் சொந்த மொழி. கணினியில் எழுதி, போர்டில் ஏற்றி, தட்டில் கல்லை வைத்தாள். சிவப்பு எரிந்தது. கல்லை எடுத்தாள். சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு முறை படித்துவிட்டுப் புரோகிராம் முடிந்துபோகிறது. யார் தட்டுவார்கள் என்று இங்கே காத்திருக்க விசையும் இல்லை. இருந்தால் இல்லாவிட்டால், திரும்பத் திரும்ப. திரும்பத் திரும்ப! முழுவதையும் முடிவில்லாமல் சுற்ற விட்டாள். கல்லை எடுத்ததும் பச்சை வந்தது.

நிமிர்ந்து பார்த்தால் ஸ்டோர்ஸ்காரர் ஐந்து நிமிடம் முன்பே முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடையதும் பிசகில்லாமல் வேலை செய்தது. நீளமும் குறைவு. அட்டைப்பெட்டிகள் கழுகக்காவின் கண்ணுக்கு முன்னால் வந்தன.

இன்ஜினியரம்மா அவள் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "சிப் கட்டளையை நேரா எழுதியிருக்கலாமே அக்கா? எதுக்கு இந்தச் சுத்து வழி?"

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு, இருப்பதைச் சொல்லிவிடுவோம், போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள். "மேடம், இந்தக் கட்டளை சிப் கம்பெனிக்காரன் கொடுத்தது. நாளைக்கு அவன் நிறுத்திட்டா? ஒருத்தன் ஃபைலை நம்பி ஒன்பது மாசம் படிச்சு, உங்க முன்னாடியே நான் முட்டை வாங்கினேன். இனிமே வெளியாளை வாசலைத் தாண்டி விடறதா இல்ல."

இன்ஜினியரம்மா போய் அலமாரியைத் திறந்து, இன்னொரு வகைப் போர்டு இரண்டையும் ஒரு தாளையும் எடுத்து வந்தாள். "இது வேற சிப். கட்டளைங்களோட பேரு வேற. முன்னாடி விளக்கு நம்பரை முதல்ல சொல்வீங்க, இதுல கடைசியில சொல்லணும். உங்க ரெண்டு பேர் புரோகிராமும் இதுல ஓடணும். எப்ப முடியுதோ சொல்லுங்க."

கழுகக்கா அடியில் இரண்டு வரியை மாற்றினாள். நான்கு நிமிடம், அதில் மூன்று நிமிடம் தாளைப் படிக்கப் போனது. ஸ்டோர்ஸ்காரர் பதினாறு இடத்தில் நேரடியாக எழுதியிருந்தார். பதினைந்தை மாற்றிவிட்டார். கல்லை எடுத்த பிறகும் மஞ்சள் விளக்கு அணையாமல் முறைத்துக்கொண்டு நின்றது. இருபது நிமிடம் தேடிவிட்டுக் கையை விரித்தார். "அக்கா ஜெயிச்சிட்டாங்க மேடம்," என்று அவரே சொன்னார்.

இன்ஜினியரம்மா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, பெரிய திரையைக் கழுகக்கா பக்கம் திருப்பினாள். ஃபைல் பெயர்கள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக நின்றன. "நம்ம பழைய சிப்பை அடுத்த மாசத்தோட நிறுத்தறாங்க. இதெல்லாம் இந்த அறையோட சோதனை புரோகிராம். நாற்பது இருக்கு. ஒவ்வொண்ணுலயும் அந்தச் சிப் கட்டளைங்க எத்தனை இடத்துல இருக்குன்னு எண்ணக்கூட எனக்குத் தைரியம் வரல."

"யாரு மேடம் எழுதினது?"

"நான்தான்." அவள் குரல் இறங்கிப்போனது. "ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லக்கா. அன்னிக்கு உங்களுக்கு நான் புத்தி சொன்னேன். நானும் அதையேதான் பண்ணி வச்சிருக்கேன்."

கழுகக்காவுக்கு இந்தப் படித்த பெண்மேல் சட்டென்று பாசம் பொங்கியது. பத்தொன்பது வருடம் ஈயம் வைத்த போர்டு இனி தன் கையை விட்டுப் போகாது என்ற சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டினாள்.

"எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசாக்கிக் கொடுங்க," என்றாள். "அப்புறம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருங்க மேடம். எனக்கு வேலை இருக்கு."